சுரைக்காயும் இருபத்தெட்டு பவுனும்

(தலைப்பு: குடும்பத்தில் நிம்மதி தருவது பெருகும் செல்வமா? போதுமென்ற மனமா? “போதுமென்ற மனமே” என்ற அணியில் பேசியது.)

மதிப்புக்குரிய நடுவர் ஐயா அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரணியிலே பட்டும் பவுனுமா ஜொலிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற சகோதரிகளே! (சிரிப்பு) அரங்கத்திலே இருக்கிற பெரியோர்களே! வீட்டிலே முறுக்கும் கையுமா டி.வி. முன்னாலே உட்கார்ந்திருக்கிற குடும்பத்தாரே! 

எனக்கு முன்னாலே பேசின எதிரணிச் சகோதரி ஒரு போடு போட்டுட்டுப் போயிட்டாங்க. “ஐயா கிறிஸ்தவர். அவர் எழுந்திரிச்சா பணம் பாவம், பணக்காரன் மோட்சம் போக மாட்டான்னுதான் பேசப் போறார். ஆனா ஞாயித்துக்கிழமை ஆனா கோயில்லே காணிக்கைப் பையை நீட்டுவாங்க”ன்னாங்க. (சிரிப்பு) நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். உள்ளதைத்தானே சொன்னாங்க!

அதனாலே நான் வேதத்திலே இருந்து ஆரம்பிக்கலே. ஒரு சுரைக்காயிலே இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க தென் மாவட்டத்துக் கிறிஸ்தவக் கிராமங்கள்லே அறுப்பின் பண்டிகைன்னு ஒண்ணு உண்டுங்க. உங்களுக்குப் பொங்கல் மாதிரி. வயல்லே, தோட்டத்திலே விளைஞ்சதிலே முதல் பலனைக் கொண்டுவந்து கோயில்லே படைக்கணும். வாழைத்தார், தேங்காய், பூசணிக்காய், முட்டை, கால் கட்டின சேவல், சில சமயம் ஆட்டுக்குட்டி. ஆராதனை நடக்கும்போதே சேவல் கூவும். அது வேற விஷயம். (சிரிப்பு) ஆராதனை முடிஞ்சதும் வெளியிலே மரத்தடியிலே ஏலம். “ஒரு தரம்... ரெண்டு தரம்...” பணம் கோயிலுக்குப் போயிடும்.

ஒரு வருஷம் ஒரு சுரைக்காய் ஏலத்துக்கு வந்தது. நல்ல காய்தான், ஆனா சுரைக்காய்தானே! ஒருத்தர் ஐம்பது ரூபாய்ன்னார். எதிர்ப்பக்கத்திலே இருந்து ஒருத்தர் நூறுன்னார். இவர் இருநூறு. அவர் ஐநூறு. கூட்டம் அப்படியே அமைதியாயிடுச்சு. ஏன்னா ரெண்டு பேரும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. நடுவிலே ஒரு பதினாறு சென்ட் நிலத்துக்காக ஆறு வருஷமா கோர்ட்டிலே கேஸ். ஆயிரம், ரெண்டாயிரம், மூவாயிரம்... கடைசியிலே நாலாயிரத்து இருநூறு ரூபாய்க்கு அண்ணன் எடுத்தார். ஜெயிச்ச மாதிரி தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போனார். அவர் வீட்டம்மா வாங்கிப் பார்த்துட்டுக் கேட்டாங்களாம், “இதைக் கூட்டு வைக்கவா, கண்ணாடி போட்டு மாட்டவா?” (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறீங்க. சிரிக்க வேண்டியதுதான். ஆனா அன்னிக்கு அந்தத் தம்பி முகத்தை நான் பார்த்தேன் ஐயா. சுரைக்காய் போச்சேன்னு அந்த முகம் வாடலே. அண்ணன்கிட்டே தோத்துட்டோமேன்னு வாடிச்சு. ரெண்டு பேருமே வசதியானவங்க. எதிரணி சொல்ற ‘பெருகும் செல்வம்’ ரெண்டு வீட்டிலேயும் இருந்தது. நிம்மதி எந்த வீட்டிலே இருந்தது? நடுவர் ஐயாதான் சொல்லணும்.

இப்ப வேதத்துக்கு வர்றேன். இந்த அண்ணன் தம்பி கேஸ் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இயேசுநாதர்கிட்டே வந்திருக்கு. லூக்கா எழுதின சுவிசேஷத்திலே பன்னிரண்டாம் அதிகாரம். கூட்டத்திலே இருந்து ஒருத்தன் எழுந்து, போதகரே, என் அண்ணன்கிட்டே சொல்லி எனக்குச் சேர வேண்டிய பங்கைப் பிரிச்சுத் தரச் சொல்லுங்கங்கிறான். இயேசு என்ன செஞ்சார் தெரியுமா? பாகப் பிரிவினைப் பஞ்சாயத்துக்கு நான் வரலேன்னுட்டார். உங்களுக்கு மேலே யாரு என்னை நடுவரா வச்சதுங்கிற அர்த்தத்திலே கேட்டுட்டார். நடுவர் ஐயா, உங்க வேலையை அவரே வேண்டாம்னு ஒதுங்கிட்டார்! (சிரிப்பு, கைதட்டல்)

(நடுவர்: அவர் புத்திசாலி. நான் மாட்டிக்கிட்டேன். நீங்க தொடருங்க.)

ஒதுங்கினவர் சும்மா இருக்கலே. பேராசையைப் பத்தி ஜாக்கிரதையா இருங்கன்னு சொல்லிட்டு ஒரு கதை சொன்னார். ஒரு பணக்கார விவசாயி. நல்ல மகசூல். வைக்க இடம் இல்லே. இருக்கிற களஞ்சியத்தை இடிச்சுட்டுப் பெரிசாக் கட்டுவோம், வருஷக்கணக்கா உட்கார்ந்து சாப்பிடலாம்னு திட்டம் போடுறான். அன்னிக்கு ராத்திரியே அவன் உயிர் போகப் போகுது. அவ்வளவுதான் கதை.

இந்தக் கதையைச் சின்ன வயசிலே இருந்து நூறு தரம் கேட்டிருக்கேன். ஒரு நாள்தான் எனக்கு உறைச்சது. அந்தக் கதையிலே அந்த ஆளைத் தவிர வேற மனுஷங்களே இல்லே! அவன் திருடலே. கலப்படம் பண்ணலே. வட்டிக்கு விடலே. மழை பெய்ஞ்சது, விளைஞ்சது. ஆனா சந்தோஷத்தைப் பகிர்ந்துக்க ஒரு பெண்டாட்டி இல்லே, பிள்ளை இல்லே, வயல்லே அறுத்த கூலியாள் பேரு இல்லே. அவன் பேசுறதெல்லாம் தன்கிட்டேயே. என் விளைச்சல், என் களஞ்சியம், என் ஆத்துமா. இவ்வளவு நெல்லையும் அவன் தனியாவா அறுத்தான்? ஊரையே கூப்பிட்டு அறுத்திருப்பான். கணக்குப் போடும்போது மட்டும் ஊரைக் காணோம்.

எதிரணி ஐயா ஒரு பாயிண்ட் சொன்னார். கெட்டிக்காரத்தனமான பாயிண்ட், அதை விட்டுட்டுப் போகக்கூடாது. இங்கிலாந்துப் பிரதமரா இருந்த மார்கரெட் தாட்சர் அம்மையார் 1980-லே ஒரு டி.வி. பேட்டியிலே சொன்னதை எடுத்துக்காட்டினார். நல்ல சமாரியன் கதை தெரியும் இல்லையா? அடிபட்டு ரோட்டிலே கிடந்தவனைத் தூக்கிக் காயம் கட்டி, சத்திரத்திலே சேர்த்து, சத்திரக்காரன் கையிலே ரெண்டு வெள்ளிக்காசு கொடுத்தானே, அந்தச் சமாரியன். அவன்கிட்டே நல்ல எண்ணம் மட்டும் இருந்து பணம் இல்லாம இருந்திருந்தா இன்னிக்கு யாரும் அவனை ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்கன்னு அந்த அம்மா சொன்னாங்க.

வாஸ்தவம். சத்திரக்காரன் நல்ல எண்ணத்தை வாங்கிக்கிட்டு ரூம் கொடுக்க மாட்டான். (சிரிப்பு) ஆனா அதே ரோட்டிலே அவனுக்கு முன்னாலே ரெண்டு பேர் போனாங்களே, ஒரு ஆசாரியன், ஒரு லேவியன். அவங்க மடியிலே காசு இல்லேன்னு கதையிலே எங்கேயும் சொல்லலியே! சமாரியன்கிட்டே காசு இருந்தது, அது பெரிசு இல்லே. மடியிலே இருந்து அதை அவிழ்த்தான் பாருங்க, அதைப் பேசுங்க ஐயா! (கைதட்டல்)

ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். பணம்தான் எல்லாத் தீமைக்கும் வேர்னு பைபிள் சொல்லுதுன்னு ஊர் பூரா பேசிக்கிறோம். பைபிள் அப்படிச் சொல்லலே. பவுல் அப்போஸ்தலர் வேர்னு சொல்றது பணத்தை இல்லே, பணத்து மேலே வைக்கிற ஆசையை. இயேசுவோட சீஷர்களுக்கே ஒரு பணப்பை இருந்தது. வசதியுள்ள சில பெண்கள் தங்க சொத்திலே இருந்து அவங்களுக்கு உதவி செஞ்சாங்கன்னு லூக்கா எழுதியிருக்கார். ஆனா அந்தப் பணப்பையை வச்சிருந்தவன் யாருங்க? யூதாஸ். (சிரிப்பு) அதையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கு.

அடுத்தது, போதும்னு நினைக்கிறவன் சோம்பேறின்னு ஒரு குற்றச்சாட்டு. எனக்குக் கொஞ்சம் கோபம் வந்த இடம் அது. இருக்கிற நிலைமையிலே மன நிறைவா இருக்கப் பழகிக்கிட்டேன்னு எழுதினவர் பவுல். பிலிப்பி ஊர்ச் சபைக்கு எழுதினார். எங்கே உட்கார்ந்து எழுதினார்? சிறையிலே. அவருக்குத் தொழில் என்ன? கூடாரம் பண்றது. கையிலே காய்ப்புக் காய்ச்ச ஆளு. இவரா சோம்பேறி? அதுவும் பாருங்க, அந்த நிறைவு எனக்குப் பிறவியிலே வந்ததுன்னு அவர் சொல்லலே. கத்துக்கிட்டேங்கிறார். சைக்கிள் ஓட்டக் கத்துக்கிற மாதிரி, விழுந்து எழுந்து கத்துக்கிறதுதான் போலிருக்கு.

எப்படிக் கத்துக்கிறது? இங்கேதான் நான் ஒரு ஆளை உங்களுக்கு அறிமுகப்படுத்தணும். ஜான் வெஸ்லி. மெதடிஸ்ட் சபைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த இயக்கத்தை ஆரம்பிச்சவர். 1703-லே இங்கிலாந்திலே எப்வொர்த்துங்கிற சின்ன ஊர்லே பிறந்தவர். அவங்க அம்மாவுக்குப் பத்தொன்பது பிரசவம். அப்பா அந்த ஊர் குருவானவர், ஆனா கடன். எவ்வளவு கடன்னா, 1705-லே கடனைக் கட்ட முடியாம லிங்கன் கோட்டைச் சிறையிலே அடைச்சுட்டாங்க. ஜானுக்கு அப்ப ரெண்டு வயசு. அதனாலே இவர் பணத்தோட அருமை தெரியாம பேசினவர் இல்லே.

படிச்சு, ஆக்ஸ்போர்டிலே வேலைக்கு வந்தார். அங்கே இருந்த காலத்தைப் பத்திப் பின்னாலே ஒரு பிரசங்கத்திலே ஒரு கணக்குச் சொல்றார். பேரு போடலே, எங்க கூட்டத்திலே ஒருத்தர்னு மட்டும் எழுதினார். அது அவரேதான்னு சொல்வாங்க. கவனிங்க. முதல் வருஷம் வருமானம் 30 பவுன். நம்ம நகைக்கடைப் பவுன் இல்லைங்க, இங்கிலாந்துப் பணம். சகோதரிகள் நிமிர்ந்து உட்கார வேண்டாம். (சிரிப்பு) வருஷத்துக்கு 28 பவுன் இருந்தா நாம வாழ்ந்துடலாம்னு கணக்குப் போட்டார். மீதி ரெண்டை ஏழைகளுக்குக் கொடுத்தார். அடுத்த வருஷம் வருமானம் 60. செலவு அதே 28. கொடுத்தது 32. மூணாம் வருஷம் 90. செலவு 28. கொடுத்தது 62. நாலாம் வருஷம் 120. செலவு? (அரங்கத்திலிருந்து: இருபத்தெட்டு!) கரெக்ட். கொடுத்தது 92.

நாம என்ன செய்றோம்? சம்பளம் முப்பதா இருக்கும்போது முப்பத்தஞ்சு செலவு. அறுபதானா எழுபது செலவு. இன்கிரிமெண்ட் வர்றதுக்கு முன்னாலேயே அதுக்கு ஒரு இ.எம்.ஐ. காத்துக்கிட்டு நிக்குது. வருமானம் நல்லா வந்ததுக்கு அப்புறம் ‘போதும்’னு சொல்லிக்கலாம்னு நினைக்கிறோம். இந்த மனுஷர் பணம் வர்றதுக்கு முன்னாலேயே கோடு போட்டுட்டார். பணம் வந்ததுக்கு அப்புறம் கோடு போடப் போனீங்கன்னா கோடும் நகர்ந்துக்கிட்டே போகும்.

அவர் சம்பாதிக்காதேன்னு சொன்ன சாமியார் இல்லே. 1760-லே பணத்தைப் பத்தியே ஒரு பிரசங்கம் அச்சிட்டார். நேர்மையா, அடுத்தவனுக்கும் உன் உடம்புக்கும் கேடு இல்லாம, முடிஞ்ச அளவு சம்பாதி. வீண் செலவு பண்ணாம முடிஞ்ச அளவு மிச்சம் பிடி. முடிஞ்ச அளவு கொடு. மூணு படி. நம்மளிலே பலபேர் முதல் படியிலே ஓட்டம், ரெண்டாம் படியிலே நடை, மூணாம் படியிலே உட்கார்ந்து ஓய்வு! (சிரிப்பு)

1776-லே வரித்துறையிலே இருந்து அவருக்கு நோட்டீஸ் வந்தது. வீட்டிலே வெள்ளிப் பாத்திரம் வச்சிருந்தா வரி கட்டணும்னு சட்டம். இவ்வளவு பேரு வாங்கின ஆள், இத்தனை புஸ்தகம் விக்கிற ஆள், கணக்கிலே ஒண்ணுமே காட்டலியேன்னு அதிகாரிகளுக்குச் சந்தேகம். பதில் எழுதினார். லண்டன்லே ரெண்டு வெள்ளி ஸ்பூன் இருக்கு, பிரிஸ்டல்லே ரெண்டு இருக்கு, சுத்தி இத்தனை பேர் சோத்துக்கு இல்லாம இருக்கும்போது இதுக்கு மேலே நான் வாங்க மாட்டேன்னு. நாலு ஸ்பூன்! 1791-லே இறந்தார். உயிலிலே என்ன எழுதியிருந்தார் தெரியுமா? என் பெட்டியை ஆறு ஏழைகள் தூக்கட்டும், அவங்களுக்கு ஆளுக்கு ஒரு பவுன் கொடுத்துடுங்கன்னு.

எதிரணிச் சகோதரி சிரிக்கிறாங்க. என்ன கேக்கப் போறாங்கன்னு எனக்குத் தெரியும். அவருக்குக் குடும்பம் குட்டி உண்டா? நானே சொல்லிடறேன். கல்யாணம் 1751-லே நடந்தது. ஒத்துவரலே. அந்த அம்மா அவரை விட்டுப் பிரிஞ்சு போயிட்டாங்க. சொந்தப் பிள்ளை கிடையாது. மூணு பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அப்பன் இருபத்தெட்டிலே நிக்க முடியாதுதான். ஒத்துக்கிறேன். அவர் போட்ட கோடு நமக்குச் சரிப்படாது. நம்ம கோட்டை நாமதான் போடணும்.

அவரே கடைசிக் காலத்திலே பயந்தார் ஐயா. 1786-லே எழுதியிருக்கார். பக்தி வந்தா மனுஷன் உழைக்கிறான், குடிக்க மாட்டேங்கிறான், சிக்கனமா இருக்கான். அதனாலேயே பணக்காரன் ஆயிடறான். பணக்காரன் ஆனதும் பக்தி போயிடுது. அப்ப பக்தியே பக்தியைக் கொல்லுதேன்னு கவலைப்பட்டார். இன்னிக்கு என்ன நிலைமை? பணம் வந்தாத்தான் பக்தி இருக்குன்னு அர்த்தம், கார் வாங்கினாத்தான் கர்த்தர் ஆசீர்வதிச்சார்னு மேடை போட்டுப் பிரசங்கம் பண்றாங்க. எங்க ஆளுங்கதான். எங்க வீட்டுக் குப்பையை நான் கூட்டறேன். தப்பில்லையே?

(நடுவர்: தாராளமாக் கூட்டுங்க. நேரம் பார்த்துக்கூட்டுங்க, ரெண்டு நிமிஷம்தான்.)

சரிங்க ஐயா, முடிக்கிறேன். அந்த ஏழை விதவை காணிக்கை போட்ட கதை எல்லாருக்கும் தெரியும். பணக்காரங்க நிறையப் போட்டாங்க, அவள் ரெண்டே காசு போட்டா, அவள் போட்டதுதான் பெரிசுன்னு இயேசு சொன்னார். காணிக்கை எடுக்கிற அன்னிக்கு எங்க கோயில்லே இந்தக் கதையைக் கட்டாயம் வாசிப்பாங்க. அதுக்குக் கொஞ்சம் முன்னாலே என்ன எழுதியிருக்குன்னு வாசிக்க மாட்டாங்க. மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தைப் பிரிச்சுப் பாருங்க. நீளமா ஜெபம் பண்ணிக்கிட்டே விதவைகளோட வீட்டை விழுங்குற மதத் தலைவர்களை இயேசு அங்கே கண்டிக்கிறார். அதைச் சொல்லிட்டுத்தான், காணிக்கைப் பெட்டிக்கு எதிரே போய் உட்கார்றார். அங்கே அந்த விதவை வர்றா.

இதை நான் புஸ்தகத்திலே படிச்சுத் தெரிஞ்சுக்கலே. எங்க வீட்டிலே தெரிஞ்சுக்கிட்டேன். எங்கப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார். 1994-லே தவறிட்டார். அம்மா கைக்கு ஒரு அறுபதாயிரம் வந்தது. பேங்க்லே போடுவோம்னு அம்மா சொன்னாங்க. அப்ப பேங்க்லே பன்னிரண்டு சதவீதம் வட்டி வந்தாலே பெரிசு. ஊரெல்லாம் பைனான்ஸ் கம்பெனி முளைச்ச நேரம். ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். எங்க சபைக்காரர்தான். இருபத்துநாலு சதவீதம்னார். வந்ததும் ஜெபம் பண்ணினார், கையெழுத்து வாங்கினதும் ஜெபம் பண்ணினார். நல்ல நீளமான ஜெபம். அம்மா தயங்கினாங்க. “எதுக்குப்பா இவ்வளவு வட்டி? இருக்கிறது போதாதா?”ன்னு என்கிட்டே கேட்டாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, சும்மா இரு”ன்னேன்.

எட்டு மாசம் வட்டி வந்தது. ஒன்பதாம் மாசம் போய்ப் பார்த்தா கதவிலே பூட்டு. அந்தக் காலத்திலே இப்படி ஏமாந்த குடும்பம் அவ்வளவு இருந்ததனாலேதான் தமிழ்நாட்டிலே 1997-லே அதுக்குன்னே தனிச் சட்டமே கொண்டுவந்தாங்க. எங்களுக்குப் பணம் வரலே. அந்த ஆளை ரொம்ப நாள் திட்டிக்கிட்டு இருந்தேன். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை கோயில்லே இந்த அதிகாரத்தை வாசிக்கிற முறை எனக்கு வந்தது. விதவை வீட்டை விழுங்கினவங்கங்கிற இடம் வந்ததும் தொண்டை அடைச்சுக்கிச்சு. அம்மா நாலாவது வரிசையிலே பாயிலே உட்கார்ந்திருக்காங்க. அவன் ஜெபம்தான் பண்ணினான் ஐயா. அம்மா கையைப் பிடிச்சுக் கையெழுத்துப் போடவச்சது நான். (அமைதி)

அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டலே. ஆனா மூணு மாசம் என்கூடச் சரியாப் பேசலே. ஒரு நாள் காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்பக்கத்திலே பென்சிலாலே ஒரு கணக்கு எழுதினாங்க. குடும்பப் பென்ஷன் இவ்வளவு வருது. காணிக்கை, அரிசி, பால், மண்ணெண்ணெய், கால் வலி மாத்திரை, பேரப்பிள்ளைங்க வந்தா வாங்கிக்கொடுக்க ஒரு பத்து ரூபாய். எல்லாம் கூட்டி அடியிலே கோடு போட்டாங்க. கொஞ்சம் மிஞ்சிச்சு. “பாரு, இவ்வளவுதான். இதுக்காடா அப்படி அலைஞ்சே?”ன்னு கேட்டு என் கையிலே கொடுத்தாங்க. அவங்களுக்கு வெஸ்லியும் தெரியாது, இருபத்தெட்டு பவுனும் தெரியாது. மிஞ்சினதிலே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பல வருஷம் பரீட்சைப் பணம் கட்டியிருக்காங்க. அதை அவங்க அடக்கத்தன்னிக்கு அந்தப் பிள்ளை வந்து சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். (கைதட்டல்)

அந்தத் தாள் இன்னும் என் பைபிளுக்குள்ளே இருக்கு. போன மாசம் நானும் என் வீட்டுக்காரியும் உட்கார்ந்து எங்களுக்கு ஒரு கணக்கு எழுதுவோம்னு ஆரம்பிச்சோம். ரெண்டு பக்கம் தாண்டிடுச்சு. ஏ.சி.யை எந்தப் பக்கம் எழுதறதுன்னு சண்டை வந்து நிறுத்தி வச்சிருக்கோம். (சிரிப்பு) இன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் மறுபடி உட்காரணும். நல்ல தீர்ப்பாச் சொல்லுங்க நடுவர் ஐயா, அவளும் டி.வி. பார்த்துக்கிட்டு இருப்பா.